தண்ணீர் அடிக்காத வண்டி

சென்றாயன் அண்ணனுக்கு இடது புருவம் பாதிதான். மூக்குப் பக்கம் அடர்த்தியாகத் தொடங்கும், நடுவழியில் நின்றுவிடும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். ஆடு மேய்ந்துவிட்டது என்பார். முடிவெட்டுகிற கடையில் அசந்து தூங்கிவிட்டேன் என்பார். புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள் கேட்டால், "கண்ணாலத்துக்கு முன்னாடி முழுசாத்தான் சாமி இருந்துச்சு" என்று பெருமூச்சு விடுவார். ஒன்பது வருடம் பக்கத்திலேயே இருந்த எனக்கும் உண்மை தெரியாமல்தான் இருந்தது.

நான் தமிழரசு. சங்ககிரியில் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறேன். சென்றாயன் அண்ணன் முன்னணித் தீயணைப்பாளர். வண்டியில் என் இடது பக்கம் உட்கார்ந்து வருகிறவர் அவர்தான்.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன் சமையல்கட்டுக்குப் போய் சிலிண்டர் குழாயைத் தடவிப் பார்க்கிற ஆள். தன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலேயே, அடுப்பங்கரையில் இருந்த மண்ணெண்ணெய் கேனை வெளியே எடுத்து வைக்கச் சொன்னாராம். அப்படியும் அந்த வீட்டில் பெண் கொடுத்தார்கள் என்றால் அவர்கள் பெருந்தன்மைதான்.

தீ என்றதும் ஓடுகிறவர் அல்ல. வண்டியை விட்டு இறங்கியதும் அரை நிமிடம் சும்மா நின்று பார்ப்பார். புகை என்ன நிறம், காற்று எந்தப் பக்கம், உள்ளே யாராவது இருக்கிறார்களா, எல்லாம் அந்த அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சுற்றி நிற்கிற ஜனத்துக்கு அது தெரியுமா? அந்த அரை நிமிடத்தில் அவர் வாங்கிய திட்டுகளை எழுதி வைத்திருந்தால் ஒரு புத்தகம் தேறும். "நாமளும் ஓடுனா அவங்க இன்னும் பயந்துக்குவாங்க தமிழு. நடந்தே போலாம்" என்பார். அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் எனக்கே பாதி பயம் போய்விடும்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வார். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் ஒன்பதாவது கிலோமீட்டரில், ரோட்டோரமாக ஓர் ஓட்டு வீடு. முன்னால் மாடு கட்டும் கீற்றுக் கொட்டகை, பின்னால் மூவாயிரம் முட்டைக்கோழிகள் உள்ள பண்ணை. அவருடைய தங்கை மயிலம்மாளின் வீடு. அந்த வீடு வருகிறபோது, "சித்த மெதுவாப் போ தமிழு" என்பார். மெதுவாகப் போவேன். அவரோ எதிர்ப்பக்கத்துத் தென்னந்தோப்பை என்னவோ அதிசயம் போலப் பார்த்துக்கொண்டு வருவார்.

காரணம் ஊருக்கே தெரியும். எட்டு வருடத்துக்கு முன் மயிலம்மாளின் மகள் தமிழினி வயதுக்கு வந்தபோது சீர் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. சென்றாயன் அண்ணன் புதுப் பட்டும் மாலையும் பழத்தட்டுமாக, மேளத்தோடு, வாசல் வரைக்கும் வந்துவிட்டார். அப்போது நான் போன் செய்தேன். பஞ்சு குடோன் ஒன்றில் தீ, உள்ளே ஆள் இருக்கிறது, நிலையத்தில் ஆள் பற்றாக்குறை. கையிலிருந்த தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு அப்படியே கிளம்பி வந்துவிட்டார். குடோனில் இரண்டு பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்தோம். அங்கே சீருக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைத் தேடிப் பிடித்துத் தட்டைக் கொடுத்தார்களாம்.

மறுநாள் சாம்பல் மணக்கிற சட்டையோடு தங்கை வீட்டுக்குப் போனவரிடம் மயிலம்மாள் சொன்னது ஒரே பேச்சு. "ஒறம்பரை முன்னாடி எம்பட மானத்தை வாங்கிட்டே. எனக்கு அண்ணனே இல்லீன்னு நெனச்சுக்கறேன். போ."

அவர் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. போன சித்திரையில், தமிழினிக்கு ஆவணியில் கல்யாணம் என்ற சேதி பால் சொசைட்டிக்காரர் மூலமாக அவர் காதுக்கு வந்தது. அன்றைக்கு மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. "மாமன் எடத்துல யாரைத் தமிழு நிறுத்துவாங்க?" என்று ஒரு தடவை கேட்டார். நான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன். போன் செய்து கூப்பிட்டவன் நான்தானே.

அதே சித்திரையின் கடைசி வாரம், வெயில் உச்சியில் நிற்கிற நேரம், மணி அடித்தது. திருச்செங்கோடு சாலை, ஒன்பதாவது கிலோமீட்டர், லாரியில் தீ. இடத்தைக் கேட்டதும் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "லோடு என்னன்னு கேட்டீங்களா?"

"கார்பைட்னு சொன்னாங்க" என்றார் போன் எடுத்தவர்.

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். நானும் எட்டு ஆட்களும் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீருமாகக் கிளம்பினோம். வழியில் அவர் சொன்னது இவ்வளவுதான். "தமிழு, வண்டியக் கொண்டுபோயி காத்து வர்ற பக்கமா நூறடி தள்ளி நிறுத்து. நாஞ் சொல்லாம ஒருத்தரும் பம்பைத் தொடக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வரக்கூடாது."

கார்பைட் என்பது சாம்பல் நிறக் கல். கேஸ் வெல்டிங் பட்டறையில் பார்த்திருக்கலாம். கல் தானாக எரியாது. தண்ணீர் பட்டால் போதும், குபுகுபுவென்று வாயு கிளம்பும். அந்த வாயுவுக்கு ஒரு பொறி கிடைத்தால் பிறகு சொல்லவே வேண்டாம். தீ என்றால் தண்ணீர் என்றுதான் ஊர் உலகமே பழகியிருக்கிறது. இதற்கு மட்டும் தண்ணீர்தான் எண்ணெய்.

நடந்தது என்னவென்று பிறகு தெரிந்தது. லாரி டிரைவர் அறிவழகன், கெங்கவல்லிக்காரர். மயிலம்மாள் வீட்டுக்கு முன்னால் இருந்த வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கியதில், பின்னால் கடைசியில் இருந்த கார்பைட் டிரம் ஒன்று சாய்ந்து மூடி தெறித்துவிட்டது. பலகைச் சந்து வழியாகக் கல்லும் தூளும் இடது பின்சக்கரத்தின் மேலேயே கொட்டியிருக்கிறது. அவருக்கு அது தெரியாது. அவர் பார்த்தது சக்கரத்தில் வந்த புகையைத்தான். பிரேக் லைனர் ஒட்டிப்பிடித்துச் சூடாகியிருந்தது. சக்கரம் சூடானால் எந்த லாரிக்காரரும் என்ன செய்வார்? கேனில் இருக்கிற தண்ணீரை எடுத்து ஊற்றுவார். மலை இறங்கி வருகிறவர்கள் தினமும் செய்கிற காரியம் அது. இருபது வருட அனுபவக் கை, லோடு என்னவென்று யோசிக்கவில்லை. முதல் கேனுக்கு ஆவி வந்தது. இரண்டாவது கேனுக்கு 'பொக்'கென்று ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. முன்கையில் முடி கருகியதோடு மனிதர் தப்பித்தது அவர் வீட்டார் செய்த புண்ணியம்.

நாங்கள் போனபோது டயரும் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. கரும்புகை. லாரியில் இன்னும் ஐம்பத்தொன்பது டிரம். லாரிக்கும் மயிலம்மாளின் கீற்றுக் கொட்டகைக்கும் முப்பதடி இருந்தால் அதிகம். கொட்டகைக்கு அடுத்த சுவர் வீடு. கொட்டகை பிடித்தால் வீடு, வீடு பிடித்தால் பின்னால் கோழிப் பண்ணை. அந்தக் காற்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஜனம் கூடிவிட்டது. பாதிப் பேர் கையில் குடம், மீதிப் பேர் கையில் செல்போன். இதற்கு நடுவில் மயிலம்மாளின் வீட்டுக்காரர் சின்னுசாமி, தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற டேங்கர் டிராக்டரைப் பின்பக்கமாக லாரியை நோக்கி உருட்டிக்கொண்டிருந்தார். ஐயாயிரம் லிட்டர் நிறைய. ஒருவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

அன்றைக்குத்தான் சென்றாயன் அண்ணன் ஓடி நான் பார்த்தது. அரை நிமிடமெல்லாம் நிற்கவில்லை. நேராக ஓடி, டிராக்டர் மேல் ஏறி, சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். குடம் வைத்திருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் அக்கட்டால போங்க! தண்ணிய இங்க கொண்டாரப்படாது! தோப்புக்கு ஓடற மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்தினார்.

சின்னுசாமி திகைத்துப்போனார். "என்னுங்க மச்சான், ஊடே எரியப்போவுது, சாவியப் புடுங்கறீங்க?"

"மாப்ள, அது மேல தண்ணி பட்டா ஊடு மட்டுமில்ல, இந்த ரோட்டுல ஒண்ணும் மிஞ்சாது. எறங்குங்க."

"அப்பறம் உங்க வண்டியில தண்ணி எதுக்குங்க?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். இன்னொருவன், தீயணைப்பு வண்டி வேடிக்கை பார்க்கிறது என்று செல்போனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே படம் பிடித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி டேங்கருக்குள்ளேயே போட்டிருப்பேன்.

அப்போது மயிலம்மாள் வந்தார். எட்டு வருடம் கழித்து அண்ணன் முன்னால் நின்று பேசிய முதல் பேச்சு. "அன்னைக்கு ஊரு தீயை அணைக்கோணும்னு எம்பட வாசல்ல சீரைப் போட்டுட்டு ஓடுனே. இன்னைக்கு எம்பட ஊடு எரியுது. வண்டி நெறையத் தண்ணி வெச்சுட்டு நிக்கறே. அடிண்ணா!"

அவர் அடிக்கவில்லை. "மாட்டை அவுத்து தோப்புக்குள்ள ஓட்டு மயிலு. கொட்டாயக் கீத்தைப் பிரிக்கோணும்" என்றார்.

"பிரிக்கறதா? நனைச்சு உட்டாப் போதுமே!"

"வாசல் ரோட்டுப் பக்கம் சரிவா இருக்குது. நனைச்சா தண்ணி வழிஞ்சு நேரா லாரிக்குத்தான் போவும்."

மயிலம்மாள் நகரவில்லை. அவர் நகராததால் சின்னுசாமியும் நகரவில்லை, ஊரும் நகரவில்லை. குழாய் வைத்திருந்தவர் சாவி இல்லாவிட்டால் என்ன, வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாக வரும் என்று கண்டுபிடித்து அதன் பக்கம் குனிந்தார். நாங்கள் ஒன்பது பேர், அவர்கள் எண்பது பேர். ஒருவர் தவறினால் எல்லோரும் சேர்ந்து போவோம்.

அண்ணன் தங்கையின் கையைப் பிடித்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மயிலு. மூந்து பாரு. என்ன வாசம் அடிக்குது?"

அவர் மூச்சை இழுத்தார். காற்றில் அது நிறையவே இருந்தது. "பூண்டு" என்றார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார். பார்வை நேராக அந்தப் பாதிப் புருவத்தில் போய் நின்றது.

"அந்தக் கல்லா?"

"அதே கல்லுத்தான் சாமி."

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. கதை பிறகுதான் தெரிந்தது. வேலைக்கு வருவதற்கு முன், பத்தொன்பது வயதில், அண்ணன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் கேஸ் வெல்டிங் செய்திருக்கிறார். ஒரு நாள் முதலாளி மெச்சவேண்டும் என்று, அடியில் கொஞ்சம் கல் தங்கியிருந்த கார்பைட் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவப் போயிருக்கிறார். பக்கத்தில் எவரோ பீடி பற்றவைத்திருக்கிறார். முகம் வீங்கி, இடது புருவம் பாதி கருகி, கண் மூடி, சட்டையெல்லாம் பூண்டு மணக்க வீட்டுக்கு வந்தவருக்குப் பத்து நாள் சோற்றுக்கற்றாழை தடவிவிட்டது பன்னிரண்டு வயது மயிலம்மாள். அடுப்பில் விழுந்துவிட்டான் என்று அம்மா ஊருக்குச் சொன்ன கதைக்குக் காவலாக இருந்ததும் அவர்தான். அந்த வாசனையை அவர் மறக்கவில்லை.

மயிலம்மாள் திரும்பினார். அப்படி ஒரு சத்தத்தை நான் எங்கள் வண்டிச் சங்கிலும் கேட்டதில்லை. "ஏனுங்க! அந்த வால்வை ஆராச்சும் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்! எங்கண்ணன் சொல்றதைக் கேளுங்க! கொட்டாயப் பிரிங்க!"

குழாய்க்காரர் இரண்டடி பின்னால் போனார். ஊரும் போனது.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. மாடுகள் தோப்புக்குப் போயின. சின்னுசாமியும் பத்துப் பேரும் கொட்டகைக் கீற்றைப் பிய்த்துப் பிய்த்துத் தூரப் போட்டார்கள். நாங்கள் பவுடர் சிலிண்டர்களை எடுத்து டயர் தீயை மடக்கினோம். ஆனால் கொட்டிய கல்லில் தண்ணீர் பட்ட இடத்தில் தீ நின்று எரிந்துகொண்டே இருந்தது. நான் அதன் மேலும் பவுடர் அடிக்கப் போனேன். அண்ணன் தடுத்தார். "அது எரியட்டும். தீயை மட்டும் அணைச்சு வாயு வந்துட்டே இருந்தா, சேந்து நின்னு ஒரேடியா வெடிக்கும். பட்ட ஈரம் தீந்தா தானா அடங்கும். மத்த கல்லுக்குப் பரவாம சுத்தி மூடோணும். காஞ்ச மண்ணு வேணும்."

வண்டியில் இருந்த மணல் நாலு வாளி. காய்ந்த மண்ணுக்கு எங்கே போவது? தோப்பு முழுக்க அன்று காலைதான் தண்ணீர் பாய்ந்திருந்தது. சேறு.

"கோழிக்குப் போடற கல்லுத்தூளு ஆவுமாண்ணா?" என்றார் மயிலம்மாள்.

முட்டை ஓடு கெட்டியாக இருப்பதற்காகத் தீவனத்தில் கலக்கிற சுண்ணாம்புக்கல் தூள் அது. சுட்ட சுண்ணாம்பு அல்ல, வெறும் கல்லை அரைத்தது. தண்ணீரோடு வம்புக்குப் போகாது. எப்போதும் காய்ந்தே இருக்கும், ஈரம் பட்டால் பண்ணைக்காரர்களே சும்மா விடமாட்டார்கள். அண்ணன் ஒரு பிடியை வாங்கி விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். முதன்முதலாக அன்றைக்குச் சிரித்தார். "எத்தனை மூட்டை வெச்சிருக்கறே?"

"நேத்துத்தான் வந்துச்சு. அறுபது."

"அறுபதும் வரட்டும்."

குடம் தூக்கிய கைகள் இப்போது மூட்டை தூக்கின. படம் பிடித்தவனும் தூக்கினான், அதையும் சொல்லவேண்டும். லாரி பேட்டரியைக் கழற்றினோம். அறிவழகன் கருகிய கையோடு லாரியின் முன்பக்கம் ஏறி நல்ல டிரம்களை ஒவ்வொன்றாக இறக்க, எங்கள் ஆட்கள் சூடில்லாத பக்கமாகக் காய்ந்த தார்ச்சாலையில் உருட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் நிறுத்தினார்கள். அவரைத் தடுத்துப் பார்த்தோம். "நான் ஊத்தன தண்ணிங்க சார், நான்தான் எறக்கணும்" என்று ஒரே பிடிவாதம். அண்ணன் கல்குவியலைச் சுற்றி ஓரத்திலிருந்து தொடங்கி, மண்வெட்டியால் தூளை வாரி வாரித் தூவி, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனார். அவசரமே இல்லை. வீட்டு வாசலில் கோலம் போடுகிறவர்கூட அதைவிட வேகமாகப் போடுவார். ஒரு மணி நேரத்தில் தீ ஒரு கையளவாகக் குறைந்து, ஒரு தடவை நீலமாகத் துடித்து, நின்றது. அதன் மேல் கடைசி மூட்டையைக் கொட்டி, காய்ந்த தார்ப்பாயால் மூடி, சுற்றிலும் கயிறு கட்டினோம்.

வீட்டின் ஓட்டில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. எங்கள் வண்டியின் மீட்டரைப் பார்த்தேன். நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர் அப்படியே இருந்தது.

கம்பெனி ஆட்கள் வந்து டிரம்களை வேறு லாரிக்கு மாற்றும்வரை அண்ணன் நகரவில்லை. பொழுது சாய்கிற நேரம் தார்ப்பாய்க் குவியலையும் காய்ந்த டிரம்மில் அள்ளிப் போனார்கள். மதியத்திலிருந்து யார் பல்லிலும் பச்சைத் தண்ணீர் படவில்லை. வண்டியில் குடிதண்ணீர் கேன் இருந்தது. ஆனால் அதை நூறடிக்கு இந்தப் பக்கம் கொண்டுவர யாருக்குத் தைரியம்?

நாங்கள் குழாய்களைச் சரிபார்த்துக் கிளம்பத் தயாரானபோது மயிலம்மாள் வாசலுக்கு வந்தார். கையில் சொம்பு. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் முதலில் நீட்டுவது அதைத்தான். வா என்று வாய் சொல்வதற்கு முன் சொம்பு சொல்லிவிடும். எட்டு வருடமாக அந்த வாசலில் அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

அண்ணன் பார்த்தார். பார்த்துவிட்டு, "அங்கயே நில்லு மயிலு" என்றார். "கையெல்லாம் அந்தத் தூளு. ஒதறிட்டு வாரேன்."

தூரமாகப் போனார். தலைக்கவசத்தையும் கோட்டையும் கழற்றினார். சட்டையைக் கழற்றி உதறினார். காய்ந்த துணியால் ஒவ்வொரு விரலாக, நகக்கண்ணெல்லாம், துடைத்தார். நானே பொறுமை இழந்துவிட்டேன். மயிலம்மாள் இழக்கவில்லை. பிரிந்து கிடந்த கொட்டகைக்குப் பக்கத்தில் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் தமிழினி வந்து நின்றாள்.

அண்ணன் பனியனோடு நடந்து வந்து சொம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார்.

"ஒரு வாரத்துக்கு எங்க கோழியெல்லாம் ஓடில்லாம தோல்முட்டைதான் போடும்" என்றார் மயிலம்மாள். கண் கலங்கியிருந்தது. "ஆவணி பதினொண்ணு தமிழினிக்குக் கண்ணாலம். மாமன் நீதான் வரோணும்."

"மணி அடிச்சுட்டா?" என்றார் அண்ணன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆராச்சும் உள்ள மாட்டியிருந்தா நாம் போவேன் மயிலு. உனக்குத் தெரியும்."

இந்த மனிதருக்கு இப்போது இது தேவையா?

மயிலம்மாள் ஓரடி முன்னால் வந்தார். பிறகு அந்தப் பாதிப் புருவத்தைப் பெருவிரலால் ஒரு தடவை நீவிவிட்டார்.

"போயிட்டு வா. நீ வர்ற வரைக்கும் தட்டை ஆருகிட்டயும் குடுக்க மாட்டேன். முகூர்த்தம் தப்புனா அடுத்த முகூர்த்தம். ஒறம்பரையெல்லாம் நிக்கட்டும், நானும் நிக்கறேன்."

அண்ணன் காலிச் சொம்பைத் தமிழினியிடம் நீட்டினார்.

"இன்னொரு சொம்பு கொண்டா சாமி" என்றார். "நம்ம தமிழும் மத்தியானத்துல இருந்து குடிக்கல."